கரியும் கடலும் – 14: வேலிக்கு வெளியே ஒரு குழாய்

சென்ற வாரம் வரை…

1897-இல் கோலார் தங்கவயலில் 52 பேர் செத்தார்கள். அதைத் தொடர்ந்து பலுசிஸ்தானின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர். சுரங்கங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று 1895-இலேயே குழு போட்டு எழுதிய வரைவு, இந்த இரண்டு சாவுக்கணக்குக்குப் பிறகுதான் மேஜையை விட்டு எழுந்தது. 1901 மார்ச் 22 அன்று இந்தியாவின் முதல் சுரங்கச் சட்டம் நிறைவேறியது. மறுவருஷம் ஜனவரி 7-இல் கல்கத்தாவில் ஓர் ஆய்வு அலுவலகம் திறந்தார்கள். 1908-இல் அது தன்பாத்துக்கு இடம் மாறியது. இன்று அதன் பெயர் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம்.

அப்படியும் சாவு நிற்கவில்லை. 1975 டிசம்பர் 27 அன்று சாஸ்நாலா சுரங்கத்துக்குள் வெள்ளம் உடைத்துக்கொண்டு வந்து 375 பேரை விழுங்கியது. 2020-இல் நெய்வேலியில் இரண்டாம் அனல் மின் நிலையத்தின் கொதிகலன்கள் மே 7-ஆம் தேதி ஒரு முறையும் ஜூலை 1-ஆம் தேதி இன்னொரு முறையும் வெடித்தன. இரண்டாவது வெடிப்பில் ஆறு பேர் அந்த இடத்திலேயே கருகினார்கள். மற்றவர்கள் நாள்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து இறந்தார்கள்.

இதுவரை இந்தத் தொடரில் செத்தவர்கள் எல்லோரும் ஒரு வாசலுக்குள் நுழைந்து போனவர்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருந்தது. இந்த வாரம் நாம் பார்க்கப்போகிறவர்கள் எந்த வாசலுக்குள்ளும் நுழையவில்லை. அவரவர் வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

* * *

விளக்கு

வட சென்னையின் கத்திவாக்கத்துக்குப் போவதற்கு முன் சுரங்கத்தின் வாயில் ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே கற்ற பாடம் தெரிந்தால்தான் இங்கே எது விட்டுப்போனது என்று புரியும்.

1812-இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் மீத்தேன் வெடித்து 92 பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 1815-இல், ஹம்ஃப்ரி டேவி கம்பி வலைக்குள் சுடரை அடைத்த விளக்கை உருவாக்கினார். சுடர் வெளியே இருக்கும் வாயுவைப் பற்றவைக்காது என்பது அதன் முதல் பயன். ஆனால் சுரங்கக்காரர்கள் அதில் இன்னொன்றையும் கண்டுகொண்டார்கள். திரியைத் தணித்து வைத்தால், காற்றில் மீத்தேன் கலந்திருக்கும்போது மஞ்சள் சுடரின் தலையில் வெளிறிய நீலத்தில் ஒரு குல்லாய் தெரியும். குல்லாய் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு வாயு. கண்ணுக்குத் தெரியாத, மூக்குக்கும் எட்டாத ஒன்றை ஒரு மனிதன் கண்ணால் அளக்க முடிந்தது.

இந்தியச் சுரங்கங்களில் இந்த வேலை ‘சர்தார்’ என்பவருடையது. ஆட்கள் இறங்குமுன் அவர் தன் பகுதியைச் சுற்றிவந்து கூரையைத் தட்டிப் பார்ப்பார், வாயு இருக்கிறதா என்று சோதிப்பார், பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவருக்கு மேலே ஓவர்மேன். எல்லோருக்கும் மேலே தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கிய மேலாளர். சுரங்கத்துக்கு மேலாளர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்றது 1952-ஆம் வருஷச் சுரங்கச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. ஆபத்து தெரிந்தால் வேலையை நிறுத்தச் சொல்ல ஆய்வாளருக்கு 22-ஆவது பிரிவு அதிகாரம் தந்தது. விபத்து நடந்தால் உடனே தகவல் சொல்லச் சொன்னது 23. பெரிய விபத்துக்கு விசாரணை மன்றம் அமைக்க 24. ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் சுரங்கத்தில் தொழிலாளர் தரப்பிலிருந்தே ஓர் ஆய்வாளர் வேண்டும் என்று விதிகளில் பின்னால் சேர்த்தார்கள்.

2017-ஆம் வருஷ நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. விபத்து நடந்தபின் காரணம் தேடுவது போதாது. எது எது ஆபத்து, அதைத் தடுக்க யார், எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு சுரங்கமும் ‘பாதுகாப்பு மேலாண்மைத் திட்டம்’ எழுதிவைக்க வேண்டும் என்றன.

காகிதத்தில் இருப்பதெல்லாம் நிலத்தடியில் நடப்பதில்லை. சாஸ்நாலா அதற்குச் சாட்சி. கைவிட்ட பழைய சுரங்கத்தின் தேங்கிய தண்ணீரை நெருங்கும்போது 60 மீட்டருக்கு முன்பே நின்று அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி 1957-இலேயே இருந்தது. இருந்தும் 375 பேர் போனார்கள். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது: ஒரு சுரங்கத்தில் எது நடந்தாலும், ‘இதற்கு யார் பொறுப்பு’ என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு பெயர் உண்டு.

சரி, சுரங்கத்தின் ஆபத்து சுரங்க எல்லையைத் தாண்டினால்?

* * *

மலை நகர்ந்த காலை

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. வேல்ஸ் நாட்டின் அபர்வான் கிராமம். இடைப்பருவ விடுமுறைக்கு முந்தைய கடைசிப் பள்ளி நாள். பனிமூட்டம்.

ஊருக்கு மேலே மலைச்சரிவில், சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய கழிவு ஒரு செயற்கைக் குன்றாக நின்றது. அதற்கு ‘7-ஆம் எண் குவியல்’ என்று பெயர். 1958-இல் கொட்டத் தொடங்கியது. அடியில் நீரூற்று. அந்த ஊற்று வரைபடத்திலேயே குறித்திருந்தது. பள்ளிக்குப் பின்னால் கழிவைக் கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர் மன்றத்தின் பொறியாளர் 1963-இலேயே கடிதம் எழுதியிருந்தார்.

காலை 9.15. குவியல் குழம்பாக இளகி இறங்கியது. பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியை மூடியது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள்.

தேசிய நிலக்கரி வாரியமே பொறுப்பு என்று விசாரணை மன்றம் 1967-இல் அறிக்கை கொடுத்தது. ஆனால் யார் மீதும் வழக்கு இல்லை. காரணங்களில் ஒன்று விசித்திரமானது. பிரிட்டனின் சுரங்கச் சட்டம் அந்தக் காலத்தில் உலகத்துக்கே முன்மாதிரி. கூரைக்கு முட்டுக் கொடுப்பதற்கு, காற்றோட்டத்துக்கு, கயிற்றின் தடிமனுக்கு எல்லாம் அதில் விதி இருந்தது. வெளியே கொட்டிய குவியல் சரியாமல் நிற்கிறதா என்று பார்க்க மட்டும் விதி இல்லை. சட்டம் எழுதியவர்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிறவனை நினைத்து எழுதினார்கள். பள்ளிக்கூடம் போகிற குழந்தை அவர்கள் நினைவில் வரவில்லை.

குவியல்களுக்கான சட்டம் 1969-இல் வந்தது. அதற்குள் இன்னொரு கொடுமை நடந்தது. மிச்சமிருந்த குவியல்களை அகற்ற, ஊர் ஊராகத் திரட்டிய நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டு எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தொகை திரும்பி வந்தது 1997-இல்!

சுரங்க வரலாற்றில் இது ஒரு திருப்பம். பாதுகாப்புச் சட்டத்தின் வேலி முதன்முறையாக ஊரையும் சேர்த்து வளைக்க வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு அந்தப் பாடம் சுரங்கத்திலிருந்து வரவில்லை. 1984 டிசம்பரில் போபாலின் விஷவாயுக் கசிவிலிருந்து வந்தது. தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-இல் அபாயகரமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்ந்தது. 1989-இல் அபாயகரமான வேதிப்பொருள்களுக்கான விதிகள் வந்தன. ஆலைக்குள் விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று ஆலைக்காரர் திட்டம் போட வேண்டும். ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்று மாவட்ட நிர்வாகம் திட்டம் போட வேண்டும். பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு முன்கூட்டியே, அதாவது ஒன்றும் நடக்காத சாதாரண நாளிலேயே, ஆபத்து இன்னது, நேர்ந்தால் இப்படி நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவைக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொண்டு கத்திவாக்கத்துக்குப் போவோம்.

* * *

கடலுக்கும் சாலைக்கும் நடுவே

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்திலிருந்து தெற்கே, எண்ணூர் விரைவுச் சாலைக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒட்டிக்கிடக்கும் மீனவக் குப்பங்கள்: தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், பெரியகுப்பம், சின்னகுப்பம், எர்ணாவூர்க் குப்பம். சாலைக்கு அந்தப் பக்கம் ஆலைகள். 2011 வரை கத்திவாக்கம் தனி நகராட்சி. இப்போது சென்னை மாநகராட்சியின் முதல் மண்டலத்துக்குள் அடக்கம்.

இந்தத் தொடரின் நிலக்கரி வந்து சேரும் கரையும் இதுதான். ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களில் வெட்டிய கரி பாரதீப்பில் கப்பலேறி எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்குகிறது. 2001-இல் அந்தத் துறைமுகம் திறந்ததே முக்கியமாக இந்தக் கரிக்காகத்தான். 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி 2017 மார்ச் 31-இல் நின்றது. அது நின்றுவிட்டாலும் கழிமுகத்தில் படிந்த சாம்பல் அங்கேயேதான் இருக்கிறது. சுரங்கம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சாம்பல் இங்கே. அபர்வான்காரர்களிடம் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

2023 டிசம்பர் இந்தக் கரையை மூன்று முறை அடித்தது.

முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். இரண்டாவது அடியாக, மழைவெள்ளத்தோடு சேர்ந்து மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்தது. கழிமுகம் கறுத்தது. படகு, வலை, அலையாத்தி வேர், கூழைக்கடாவின் இறகு என்று எதையும் அது விடவில்லை. மீனவர்கள் வாளியையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கி, கையாலேயே எண்ணெயை வாரினார்கள். வட சென்னையில் பேரிடர் மேலாண்மை என்பது பல நேரம் மீனவனின் இரண்டு கைதான்.

அது வடிந்து முடிவதற்குள் டிசம்பர் 26 வந்தது. சுனாமி நாள். 2004-இல் போனவர்களுக்காகக் குப்பம்தோறும் கடலில் பால் ஊற்றிப் பூத்தூவும் நாள். பத்தொன்பதாவது வருஷம்.

மூன்றாவது அடி அன்று இரவு விழுந்தது.

* * *

மைனஸ் 33

பெரியகுப்பத்துக்கு எதிரே, சாலையின் மேற்கே, கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் உர ஆலை. முன்பு ஈ.ஐ.டி. பாரியிடம் இருந்து, 2003-இல் உரத்தொழில் இணைப்போடு கைமாறியது. இங்கே உருவாகும் அம்மோனியம் பாஸ்பேட் சல்பேட் உரத்துக்கு மூலப்பொருள் அம்மோனியா. அது கப்பலில் வரும்.

கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நிற்கும். அங்கிருந்து கடலடியில் சுமார் இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு குழாய். குப்பத்தின் கரையைக் கடந்து, சாலையைக் கடந்து, ஆலைக்குள் சேமிப்புத் தொட்டிக்குப் போய்ச் சேரும்.

அம்மோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கிற பொருள். திரவமாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் அந்தக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். நம் கடல் தண்ணீரோ இருபத்தைந்து டிகிரிக்கு மேல். அந்த வெப்பத்தில் கிடக்கும் எஃகுக் குழாய்க்குள் திரவ அம்மோனியாவைத் திடுதிப்பென்று விட்டால் அது சீறிக்கொண்டு ஆவியாகும், குழாயும் திடீரென்று சுருங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டரை கிலோமீட்டர் எஃகு அறுபது டிகிரி குளிர்ந்தால் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் சுருங்கப் பார்க்கும். ஓர் ஆள் உயரம்! அதனால் கப்பலிலிருந்து இறக்குவதற்கு முன் குழாயை மெல்ல மெல்லக் குளிரவைப்பார்கள். இதற்கு முன்குளிர்வித்தல் என்று பெயர்.

அந்த இரவு நடந்துகொண்டிருந்தது அந்த வேலைதான்.

குழாய் கரையேறும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எண்ணூர்க் கரையைக் கடல் பல வருஷங்களாகத் தின்றுகொண்டிருக்கிறது. கரையைக் காக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் இங்கே பல இடங்களில் கடற்கரை. ஒவ்வொரு கல்லும் டன்கணக்கில் கனக்கும். அமைதியான கடலில் அவை அசையா. மூன்று வாரத்துக்கு முன்பு அடித்ததோ மிக்ஜாம்.

சுரங்கத்தில் கூரையோ தூணோ ஆட்டம் கண்டுவிட்டது என்றால், மறுபடி யாரும் உள்ளே இறங்குமுன் என்ன செய்வார்கள் என்று மேலே பார்த்தோம். புயல் முடிந்த பிறகு, அந்தக் கற்களுக்கு நடுவே போகும் குழாயின் மேல் கைவைத்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய ‘சர்தார்’ யார்? விபத்துக்குப் பிந்தைய விசாரணையெல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது.

* * *

நள்ளிரவு

முதலில் வந்தது வாடை. கழிப்பறை வாடையும் மருந்து வாடையும் கலந்து, மூக்கைக் குத்தி உள்ளே இறங்கும் நெடி. அடுத்து கண் எரிச்சல். அடுத்து தொண்டை அடைத்துக்கொண்டு இருமல்.

அம்மோனியாவுக்கு ஈரம் என்றால் உயிர். தண்ணீரைக் கண்டால் பாய்ந்து கரையும். மனித உடம்பில் ஈரமான இடங்கள் கண், மூக்கு, தொண்டை, நுரையீரல். அங்கே போய்க் கரைந்து அரிக்கும். நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டால் வாயுவில் ஒரு பங்கைத் துணியின் ஈரம் இழுத்துக்கொள்ளும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். இரண்டும் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கக்கூடிய விஷயம்.

தூக்கத்திலிருந்து எழுந்தவர்களுக்கு முதலில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சொந்தக்காரர்களுக்கு போன் போட்டார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வயசானவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு, சாலையை நோக்கி ஓடினார்கள். பைக்கில் மூன்று பேர், நான்கு பேர். ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு. கடலோரத்துக் குப்பங்களில் ‘ஓடு’ என்ற சத்தத்துக்கு ஓர் அர்த்தம்தான் பழக்கம்: அலை வருகிறது. அதுவும் சுனாமி நாளின் இரவில்.

கரையில், கல்லுக்கு அருகே, கடல் கொதிப்பதுபோல் குமிழியிட்டது. அந்தக் காட்சியைக் கைபேசியில் பிடித்தவர்கள் உண்டு. விடிவதற்குள் அது ஊரெங்கும் சுற்றியது.

நாற்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள். மூச்சுத்திணறல், மயக்கம், கண்ணெரிச்சல், வாந்தி. அந்த இரவில் உயிர்ச்சேதம் இல்லை. கசிந்தது கடலுக்குள், தண்ணீர் ஒரு பங்கை விழுங்கிக்கொண்டது என்பதை மறந்துவிடக் கூடாது. அதே குழாய் நூறு மீட்டர் மேற்கே, தரையில், குப்பத்துக்கு நடுவே விரிசல் விட்டிருந்தால் இந்த அத்தியாயத்தின் எண்கள் வேறாக இருந்திருக்கும்.

எந்தச் சங்கும் ஊதவில்லை, யாரும் எங்களை எழுப்பவில்லை என்பது குப்பத்து மக்கள் அன்று காலையிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்ன குற்றச்சாட்டு.

* * *

இரண்டு கடிகாரங்கள்

விடிந்ததும் இரண்டு அறிக்கைகள் வந்தன.

நிறுவனத்தின் அறிக்கை, வழக்கமான பணியின்போது இரவு 11.30 மணிக்குக் கடலடிக் குழாயில், கரையோரமாக, ஆலை வளாகத்துக்கு வெளியே ஓர் அசாதாரண நிலையைக் கவனித்ததாகவும், உடனே அமைப்பைத் தனிமைப்படுத்திக் குறுகிய நேரத்தில் நிலைமையைச் சீராக்கியதாகவும் சொன்னது.

அரசுத் தரப்பின் குறிப்பு, குழாயில் அழுத்தம் குறைந்ததை நள்ளிரவு 12.45 மணியளவில் ஆலை கவனித்தது, கசிவு கரையிலிருந்து இரண்டடி தூரத்தில், இருபது நிமிடத்தில் நிறுத்தப்பட்டது என்றது.

11.30-க்கும் 12.45-க்கும் இடையே ஒன்றேகால் மணி நேரம். இரண்டும் ஒரே நிகழ்வைச் சொல்கின்றனவா, முதலில் ஓர் அறிகுறி, பிறகு உடைப்பு என்று இரண்டு நிகழ்வுகளா? முன்னதென்றால் இரண்டில் ஒரு கடிகாரம் தப்பு. பின்னதென்றால், முதல் அறிகுறிக்கும் உடைப்புக்கும் நடுவே குப்பத்தை எழுப்ப ஒன்றேகால் மணி நேரம் இருந்திருக்கிறது. எது உண்மையானாலும் ஆலைக்கு நல்ல சேதியில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிகாலை 3.30-க்கு ஆலை வாசலில் காற்றை அளந்தது. ஒரு கனமீட்டரில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா. 24 மணி நேரச் சராசரிக்கு அனுமதித்த வரம்பு 400. கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. கசிவு நின்று இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிறகு எடுத்த அளவு இது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆட்கள் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பெரியகுப்பத்துத் தெருவில் காற்று எப்படி இருந்தது என்பதற்கு அளவு இல்லை. அளக்க அங்கே கருவி இல்லை.

நிறுவனத்தின் அறிக்கையில் ‘ஆலை வளாகத்துக்கு வெளியே’ என்று வந்ததே, அது ஒரு சமாதானம்போல் எழுதப்பட்டிருந்தது. படித்த குப்பத்துக்காரர்களுக்கு அதுதான் புகார். வளாகத்துக்கு வெளியே என்றால் அது எங்கள் வீட்டு வாசல்.

* * *

67.63 டன்

டிசம்பர் 27 காலையிலேயே பெரியகுப்பத்துக்காரர்கள் ஆலைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்கள் சேர்ந்துகொண்டன. ஆலையை நிரந்தரமாக மூடு என்பது கோரிக்கை. போராட்டம் வாரக்கணக்கில் நீண்டது. ஆலையை நிறுத்த வாரியம் உத்தரவிட்டது. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. தமிழக அரசு தொழில்நுட்பக் குழு ஒன்றை அமைத்தது.

2024 பிப்ரவரியில் குழுவின் முடிவுகள் வெளிவந்தன. கசிந்தது 67.63 டன். குழாயைச் சுற்றியிருந்த கருங்கற்களை மிக்ஜாம் புயலின் அலைகள் நகர்த்தியதால் குழாய் சேதமடைந்திருக்கலாம் என்பது காரணமாகச் சொன்னது. பழைய குழாயை விட்டுவிட்டு, தானியங்கிக் கண்காணிப்புக் கருவிகளோடு புதுக் குழாய் போட வேண்டும், ஊரை எச்சரிக்கும் ஏற்பாடு வேண்டும், மக்களோடு சேர்ந்து ஒத்திகை நடத்த வேண்டும் என்று பரிந்துரைகள். சுற்றுச்சூழல் இழப்பீடு 5.92 கோடி ரூபாய் என்று கணக்கானது.

இரண்டு தசம இடம் வரை டன்னைக் கணக்கிட முடிந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் இந்தப் பரிந்துரைகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பெரும்பாலானவை புதியவை அல்ல. ஊருக்கு முன்கூட்டியே சொல்லிவை என்பது 1989-ஆம் வருஷ விதியில் இருக்கிறது. 34 வருஷம் கழித்து அதையே ஒரு குழு பரிந்துரைக்க வேண்டியிருந்தது என்றால், இடைப்பட்ட காலத்தில் அந்த விதி எங்கே இருந்தது?

குழாய்க்கு யார் காவல் என்ற கேள்விக்குத் தீர்ப்பாயம் வேறு வழியில் விடை தேடியது. ஆலையை மறுபடி திறக்க வேண்டுமானால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும் தமிழ்நாடு கடல்சார் வாரியத்திடமும் தடையின்மைச் சான்று வாங்கச் சொன்னது. ஆலைக்குள் ஒரு துறை, அலைக்குள் இன்னொரு துறை, காற்றுக்கும் தண்ணீருக்கும் மூன்றாவதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சுரங்கத்துக்குத் தன்பாத்திலிருந்து ஒரே தலைமை இயக்ககம் பார்ப்பதுபோல இங்கே ஒருவர் இல்லை. மூன்று துறைகளின் எல்லைகள் ஒன்றையொன்று தொடும் அந்தக் கற்குவியல் பகுதியில்தான் குழாய் உடைந்தது. இது தற்செயல் என்று இந்தத் தொடர் நினைக்கவில்லை. அபர்வானின் குவியலும் இப்படித்தான், எல்லோருடைய எல்லைக்கும் சற்று வெளியே நின்றது.

2024 ஆகஸ்டில் ஆலை மறுபடி ஓடத் தொடங்கியது.

* * *

ஒரே சட்டம்

2025 நவம்பர் 21. தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்று தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம், 1952-இன் சுரங்கச் சட்டம், 1986-இன் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் உட்பட 13 சட்டங்கள் அதற்குள் கரைந்தன. கோலாரின் 52 சாவுகளில் தொடங்கிய சட்டப் பரம்பரையும், போபாலுக்குப் பின் சேர்ந்த அத்தியாயமும் 124 வருஷம் கழித்து ஒரே அட்டைக்குள் வந்துவிட்டன.

இதனால் சுரங்கத்தின் கண்டிப்பு ஆலைக்கும் வருமா, ஆலையின் தளர்ச்சி சுரங்கத்துக்கும் போகுமா என்று இரண்டு தரப்பும் வாதாடுகின்றன. ஆய்வாளர் இப்போது ‘ஆய்வாளர் மற்றும் வசதி அளிப்பவர்’. முதலாளிக்கு வழிகாட்டுவதும் அவர் வேலை, தப்பைப் பிடிப்பதும் அவர் வேலை. தொழிற்சங்கங்களுக்கு இந்தப் பெயரே பிடிக்கவில்லை. சொல்லும் காரணத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்தத் தொகுப்பும் அடிப்படையில் தொழிலாளரைப் பற்றியது. பெரியகுப்பத்தில் படுத்திருந்தவர் தொழிலாளர் அல்ல. அவருக்கு இன்னும் 1989-இன் அந்த ஒற்றை வரிதான்.

அப்படியானால் வேலிக்கு உள்ளே நிற்பவராவது பத்திரமா?

2025 செப்டம்பர் 30. இதே எண்ணூர் வட்டாரத்தில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் திட்டத்தின் கட்டுமானத்தில், உயரத்தில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர்களோடு ஓர் எஃகு வளைவு சரிந்தது. ஒன்பது பேர் செத்தார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நிலம் மின்வாரியத்தினுடையது, திட்டத்தைக் கட்டுவது பெல் நிறுவனம், அதற்குக் கீழே ஒப்பந்தக்காரர்கள். அந்த ஒன்பது பேரும் வாசலுக்குள் நுழைந்து போனவர்கள்தான். வேலை தொடங்குமுன் அந்த எஃகைத் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர், இந்த அடுக்கில் எந்தப் படியில் இருந்தார்?

(தொடரும்)